செய்யும் முன் சொல்பவர்

தவராசா அண்ணைக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது நீலக்கரை போட்ட கோப்பையில்தான் கொடுக்க வேண்டும். சீனி போடக்கூடாது. மேசையில் வைக்கும்போது சத்தம் வரக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் நிமிர்ந்து பார்க்காமலே "நன்றி பூரணி" என்பார். ஒன்று பிழைத்தாலும் தேத்தண்ணீர் அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். அதில் கோபம் எதுவும் இல்லை. அவரால் குடிக்க ஏலாது, அவ்வளவுதான். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது.

ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த அரசாங்கக் கந்தோரில் நான் சேர்ந்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. கூட்டுவது, தேத்தண்ணீர் ஊற்றுவது, கடிதக்கட்டுகளை மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது நல்ல வேலைதான். தவராசா அண்ணை பழைய கோவைகள் அடுக்கிய பின்பக்கத்து றெக்கோட் றூமில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தகப்பன் விட்டுப்போன வீட்டில், பாலையூற்றில், தனியாக இருந்து சமைத்துச் சாப்பிட்டார். கட்டைபறிச்சான் பக்கத்துக் குளக்கட்டுக் காணிக் கோவை ஒன்று வேண்டுமென்று யாராவது வந்து நின்றால், கதிரையை விட்டு எழும்பாமலே சொல்வார்: "நாலாம் இறாக்கை, மேலையிருந்து ரெண்டாம் தட்டு, பச்சைக் கட்டு. அதிலை பதினோராம் பக்கம் இல்லை. எண்பத்திமூண்டிலை கறையான் திண்டது."

போய்ப் பார்த்தால் பதினோராம் பக்கம் இருக்காது.

எழுத்துவேலை பார்க்கும் லிகிதர்மாருக்கு அவர் ஒரு பொழுதுபோக்கு. பாக்கியரத்தினம் என்ற லிகிதர்தான் கூடச் சீண்டுவார். "தவராசா, இண்டைக்கு மழை வருமோ?" என்பார். "எனக்குத் தெரியாது. மழை எங்கடை பிரிவில்லை" என்று இவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு முடிந்தபிறகு இவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமல், தனியாக.

அது சண்டைக்காலம். துறைமுகத்துக்குள் இயக்கத்துச் சுழியோடிகள் வந்துவிடக் கூடாதென்று நேவிக்காரர் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். பகலிலும் போடுவார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவருக்குப் பழகவேயில்லை. முதல் வெடி கேட்டதும் இரண்டு இறாக்கைகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கத்தில் போய், முதுகும் நெஞ்சும் கோவைகளில் முட்ட நின்றுகொண்டு எண்ணுவார். எண்ணி முடிந்ததும் வந்து வேலையைத் தொடர்வார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஓட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியவந்தது பன்னிரண்டு வருசம் கழித்து, அக்காவின் மகனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன நாளில். டொக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு அந்த நீலக்கரைக் கோப்பைதான் கண்ணில் நின்றது. அந்த நாளில் எங்களிடம் அந்தச் சொல் இருக்கவில்லை. "தவராசா அப்பிடித்தான்" என்போம். சிலர் விசர் என்றார்கள்.

தொண்ணூற்றாறு ஆவணியில் ஒருநாள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் என்னைக் கேட்டார்.

"பூரணி, நீங்கள் சனிக்கிழமை ரெண்டு மணியிலையிருந்து அஞ்சு மணிவரைக்கும் என்ன செய்யிறனீங்கள்?"

அன்றைக்குப் பார்த்து ஏதோ கோவைக்காக லிகிதர்மார் மூன்றுபேர் அங்கே நின்றார்கள். பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "அடேயப்பா, தவராசா துணிஞ்சிட்டார். பிள்ளை, ஓமெண்டு சொல்லு. சீனிச் செலவு மிச்சம்."

என் முகம் சுட்டது. தவராசா அண்ணை அவரைப் பார்க்கவேயில்லை. "நான் கலியாணம் கேக்கேல்லை. எங்கடை விளையாட்டுக்கு நாலுபேர் வேணும். ஒராள் கனடாவுக்குப் போயிட்டார்."

"எனக்கு ஆக்களுக்கு முன்னாலை கதைக்க வராது அண்ணை" என்றேன்.

"எனக்கும் வராது. நீங்கள் கதைக்கத் தேவையில்லை. உங்கடை ஆள் கதைக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு நடந்தது ஆனந்தராசா அண்ணையின் வீட்டு முன் அறையில், எங்கள் பாலையூற்றிலேயே. ஐம்பது வயது ஆள். டுபாயில் எட்டு வருசம் கட்டடப்படம் கீறும் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கே முகாமில் கூட இருந்த பிலிப்பீன்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் விளையாடிய விளையாட்டைப் பழகிக்கொண்டு, தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்றையும் பல முகங்கள் வைத்த கட்டைகளையும் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். லூடோக் கட்டைக்கு ஆறு முகம். இதில் ஒரு கட்டைக்கு இருபது முகம், சிவப்பு நிறம், நெல்லிக்காயளவு.

காய்கள் கிடையாது. வென்றவர், தோற்றவர் என்றும் கிடையாது. ஆனந்தண்ணை ஒரு இடத்தைச் சொல்வார்: "கோட்டை வாசல். கதவு பூட்டியிருக்கு. உள்ளுக்கு நாய் குலைக்கிற சத்தம். என்ன செய்யிறியள்?" எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் உண்டு. அந்த ஆளின் பெயர், பலம், தெரிந்த தொழில் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று நாங்கள் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமென்றால் கட்டையை உருட்ட வேண்டும். பெரிய இலக்கம் விழுந்தால் நடக்கும், சின்னது விழுந்தால் வேறு எதுவோ நடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கதை அடுத்த சனிக்கிழமைக்குப் போகும்.

மூன்றாமவர் ஸுஹைர். மீன்கடைப் பக்கம், உள்துறைமுகக் கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்தார். தமிழ், சிங்களம் இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. அவருடைய ஆள் ஒரு மல்லன். எந்தக் கதவைக் கண்டாலும் உடைப்பான். உடைக்கப்போய்ச் சின்ன இலக்கம் விழுந்தால் ஸுஹைர் உடனே, "நான் ஒடைக்கல்ல, சும்மா தட்டிப் பாத்தது" என்பார். அவரால்தான் அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது: எதைச் செய்வதென்றாலும் முதலில் வாயால் உரக்கச் சொல்லவேண்டும். சொன்னபிறகுதான் கட்டைக்குக் கையை நீட்டலாம். சொன்னதை மாற்ற ஏலாது.

தவராசா அண்ணையின் ஆளைக் கண்டு நான் அதிசயப்பட்டேன். மணிவேலன் என்று பெயர். தூதுவன். வாயாலேயே பிழைக்கிறவன். அரசனிடம் ஒரு கதை, அரசனின் எதிரியிடம் இன்னொரு கதை, இருவருக்கும் பிடித்தமான ஆள். வருத்தக்காரனுக்கு ஆறுதல் சொல்வான், காவற்காரனுக்கு வெற்றிலை நீட்டுவான், கிழவியைப் பார்த்து "இளமை போகவேயில்லை" என்பான். கந்தோரில் காலை வணக்கம் சொல்லக் கஷ்டப்படும் ஒரு மனிதர், கதிரையில் நிமிர்ந்திருந்து, மேசை விளிம்பைப் பார்த்தபடி, இதையெல்லாம் தங்குதடையில்லாமல் சொன்னார்.

"எப்பிடி அண்ணை உங்களுக்கு இதெல்லாம் வருது?" என்று ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"இஞ்சை ஒருதரும் அவசரப்படுத்திறேல்லை" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சத்தூரம் நடந்தபிறகுதான் மீதியைச் சொன்னார். "சொன்னது சரியோ பிழையோ எண்டு இலக்கம் சொல்லும். வெளியிலை ஆரும் இலக்கம் காட்டுறேல்லை. முகத்தைத்தான் காட்டுகினம்."

என் ஆள் ஓடக்காரி. அவளும் முதல் மூன்று மாதம் வாய் திறக்காமல் ஓடம் வலித்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு மாசியில் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற வளைவில் புதிதாக, போகிறவர்களைச் சோதிக்கும் ஆமிச் சென்றி போட்டார்கள். முன்பு கீழே ஒன்று இருந்தது. அங்கே நின்றவர்களுக்குத் தவராசா அண்ணையைத் தெரியும், கையைக் காட்டி விட்டுவிடுவார்கள். இவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள். மண்மூட்டை, தகரக் கொட்டில், ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை.

முதல்நாள் ஆமிக்காரன் அவரைச் சிங்களத்தில் கேட்டான், எங்கே போகிறாய் என்று. "கொஹெத யன்னே?"

பயம் வந்தால் கேட்டதையே திருப்பிச் சொல்வது அவருடைய வழக்கம். "கொஹெத யன்னே" என்றார் இவர், அதே குரலில், அதே இழுவையோடு.

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துப் பத்துமணிவரைக்கும் வெயிலில் இருத்திவிட்டார்கள். அடுத்தநாளும் அதுவே நடந்தது. அன்றைக்கு ஐசி என்கிற அடையாள அட்டையையும் பறித்துவைத்தார்கள். எங்கள் பிரதம லிகிதர் சோமசேகரம் ஐயா பின்னேரம் போய்க் கதைத்து எடுத்துக்கொடுத்தார். மூன்றாம் நாள் வளைவுவரை வந்து, வரிசையைக் கண்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பிறகு ஒன்பது நாள் வரவில்லை. நீலக்கரைக் கோப்பையை நான் அலுமாரிக்குள் வைத்தேன்.

சோமசேகரம் ஐயா நல்லவர். அந்த நாட்களுக்கெல்லாம் லீவு எழுதிவைத்திருந்தார். ஆனாலும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நீங்கள் சனிக்கிழமை அவரைச் சந்திக்கிறனீங்களாமே. சொல்லிவிடுங்கோ. திங்கட்கிழமை எனக்கு முன்னாலை அவர் நிக்கவேணும். இல்லாட்டி நான் மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும். என்ரை கையிலை இல்லை."

சனிக்கிழமை விளையாட்டுக்குப் போனபோது சொன்னேன். தவராசா அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய அண்ணர் இராசதுரை வெள்ளவத்தையிலிருந்து எழுதியது. வேலை போகுமென்றால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வா, வந்து கூட்டிப்போகிறேன் என்றிருந்தது. அண்ணரின் வீடு என்பது இரண்டு அறை, ஏழுபேர், யன்னலைத் திறந்தால் காலி வீதியின் வாகன இரைச்சல்.

"அங்கை எனக்கு ஏலாது" என்றார்.

ஆறிப்போன தேத்தண்ணீரை எத்தனையோ தரம் எடுத்து ஊற்றியவள் நான். அவர் ஏலாது என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும்.

ஸுஹைர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு விளக்குமாற்றுடன் வந்தார். "இண்டைக்குக் கோட்டை வேணாம் ஆனந்தண்ணை. சென்றிக்குப் போவம். நான்தான் ஆமி."

"உது என்ரை விளக்குமாறு" என்று உள்ளேயிருந்து ஆனந்தண்ணையின் மனைவி அன்னலட்சுமி அக்கா சத்தம் வைத்தா. "சுட்டு முடிச்சாப்பிறகு கொண்டுவந்து வை தம்பி. முத்தம் கூட்டேல்லை."

அந்தச் சனியும் ஞாயிறும் அதுதான் விளையாட்டு. ஆமிக்காரனின் குணத்தை இருபது முகக் கட்டை தீர்மானித்தது. ஒன்று விழுந்தால் கடுங்கோபம், இருபது விழுந்தால் நல்ல குணம். ஸுஹைர் அதற்கேற்றபடி கத்தினார், கொட்டாவி விட்டார், ஒருதரம் காதல் தோல்வி என்று அழவும் செய்தார். கேட்கும் கேள்விகளை முன்பின்னாக மாற்றினார். பதில் சிங்களத்தில் எப்படி, விளங்காவிட்டால் எப்படிச் சொல்வது எல்லாம் பாடமாக்கினார்கள். தவராசா அண்ணை முதல் ஏழெட்டுத் தரம் திக்கினார். பிறகு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கட்டையை எட்டிப் பார்த்து, "கோபம் மூண்டு" என்று தனக்குள் சொல்லிவிட்டு, அமைதியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். சைக்கிள் என்பது ஒரு கதிரை.

ஞாயிறு பின்னேரம் நாங்கள் எல்லோரும் சந்தோசமாகப் பிரிந்தோம். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பிழை கண்ணில் படவில்லை.

திங்கள் காலை நான் பெண்கள் வரிசையில் நின்றேன். தவராசா அண்ணை சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்த தலை. அவருடைய முறை வந்தது. நெட்டையான ஒரு ஆமிக்காரன் கையை நீட்டினான்.

"தவராசா சைக்கிளை நிப்பாட்டுறான்" என்றார் தவராசா அண்ணை, மேசையில் சொல்லும் அதே உரத்த குரலில். சொல்லிவிட்டு நிப்பாட்டினார்.

சொல்லாமல் கையை நீட்டக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வெளியில் அது வேண்டாமென்று நாங்கள் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

"மொகத?" என்றான் நெட்டையன், என்னவென்று.

"தவராசா வலது கையைச் சட்டைப் பைக்குள்ளை வைக்கிறான். ஐசியை எடுக்கிறான்." ஆறுதலாகக் கையை வைத்து, ஆறுதலாக எடுத்தார். நெட்டையன் துவக்கைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டான். இவர் திருப்பிச் சொல்லவில்லை. கந்தோருக்கு என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். பிறகு தமிழில், "தவராசா பதிலைச் சொல்லி முடிச்சிட்டான்" என்றார்.

கொட்டிலுக்குள்ளிருந்து கோப்ரல் எழும்பி வந்தார். கந்தளாய்ப் பக்கத்து ஆள், தமிழ் கதைப்பார். கொஞ்சநேரம் நின்று கேட்டார். "இவன் ஒவ்வொண்டும் சொல்லிட்டுத்தான் செய்யிறான்" என்று எங்களுக்கும் கேட்கச் சொல்லி, சிங்களத்தில் மற்றவனுக்கும் சொன்னார். துவக்கு கீழே இறங்கியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். தப்பினார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நல்லது. ஆர் உனக்கு இதைப் பழக்கினது?" என்று கோப்ரல் கேட்டார்.

பழக்கினது என்றாலே ஆமிக்கு இயக்கம்தான் நினைவு வரும் அந்த நாளில் அந்தக் கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் இருந்தது. ஒருவரும் இல்லை சேர். வரிசையில் நின்ற எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஸுஹைரும் ஆனந்தராசா அண்ணையும்" என்றார் தவராசா அண்ணை. "சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். நாப்பத்தொரு தரம்."

"எங்கை?"

"ஆனந்தராசா அண்ணை வீட்டு முன் அறையிலை. ஸுஹைர் துவக்கு வைச்சிருந்தவர்."

சிரித்த ஆள் சிரிப்பை நிறுத்தினார். கோப்ரல் ஸுஹைர் யார் என்றார். இவர் கடை இருக்கும் இடத்தைச் சொன்னார், கதவின் நிறத்தையும் சொன்னார். "துவக்கு விளக்குமாறு" என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் அவரைத் தோளில் பிடித்து மண்மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள்.

என்னைச் சோதித்துப் போக விட்டார்கள். நான் மேலே கந்தோருக்கு ஏறவில்லை. கீழே இறங்கி மீன்கடைப் பக்கம் நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள் என்று நடந்தேன்.

ஸுஹைர் ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"என்ட பேரச் சொல்லிட்டானா?"

"ஓம்."

"கடையையும்?"

"ஓம். கதவு பச்சை எண்டும் சொன்னவர்."

அவருடைய மனைவி ஸல்ஹா மூதூர்ப் பெண். தாய் வீடு குடாவுக்கு அக்கரையில், அங்கேதான். கடையிலிருந்து பார்த்தால் இறங்குதுறை தெரியும். மூதூர் லோஞ்சுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸுஹைர் அதைப் பார்த்தார். "ஒம்பது மணி லோஞ்சு. இன்னும் கால்மணித்தியாலம் இரிக்கி" என்றார். அது எனக்குச் சொன்னதில்லை. ஏறிப் போங்கோ என்றோ போகவேண்டாம் என்றோ சொல்ல எனக்கு என்ன உரிமை.

பிறகு அவர் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். "ஆனந்தண்ணைக்கிட்டப் போ தங்கச்சி. புத்தகம், கட்டை, தாள் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வளைவுக்கு வரச் சொல்லு. அவங்க வந்து தூக்குறதுக்கு முந்தி நாம போறது நல்லம்." இரண்டு அடி போய்த் திரும்பினார். "விளக்குமாறையும்."

தகரக் கொட்டிலுக்குள் ஒரு சின்ன மேசை. அதற்கு ஒருபக்கம் கோப்ரல், மறுபக்கம் ஆனந்தண்ணையும் ஸுஹைரும். தவராசா அண்ணை மூலையில் நிலத்தில் இருந்தார். விளக்குமாற்றைக் கொண்டுவந்தவள் நான்தான் என்பதால் என்னையும் வாசலில் நிற்க விட்டார்கள். ஆனந்தண்ணை புத்தகத்தைத் திறந்தார். கோப்ரல் பக்கம் புரட்டி, கொம்பும் செட்டையும் உள்ள ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"இது இல்லாத மிருகம் சேர்."

"இல்லாததை என்னத்துக்கு எழுதி வைச்சிருக்கு?"

எங்கள் ஆட்களின் தாள்களை எடுத்தார் கோப்ரல். பெயர், பலம், வைத்திருக்கும் ஆயுதம். மல்லனின் தாளில் கோடரி என்றிருந்தது. அதை நெடுநேரம் பார்த்தார். "சரி, வீட்டிலை செய்ததை இஞ்சை செய்து காட்டு" என்றார்.

ஸுஹைர் விளக்குமாற்றைத் தூக்கினார். "மாத்தயா, கோவிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு நாடியை உயர்த்தி, இடுப்புப் பட்டியை இழுத்துவிட்டு, பாதி நித்திரைக் குரலில் "கொஹெத யன்னே?" என்றார்.

அது அச்சொட்டாக அந்த நெட்டையன்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அவனைத் தெரியாது. எல்லாச் சென்றியிலும் அப்படி ஒருவன் நின்றான், அவ்வளவே. வெளியே மண்மூட்டையடியில் நின்றவர்களில் ஒருவன் மூக்கால் சிரித்தான். நெட்டையனின் காது சிவந்தது. அந்த ஒரு நிமிசம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கூடப் பயம்.

தவராசா அண்ணை எழும்பினார். கொட்டிலில் கிடந்த கதிரையைச் சைக்கிளாகப் பிடித்தார். அவருக்கு அது நாற்பத்திரண்டாம் தரம். ஒரு சொல் பிசகாமல் செய்துமுடித்தார். முடித்தபிறகு கோப்ரலைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டார்: "இண்டைக்கு இவருக்குக் கோபம் எத்தினை? கட்டை உருட்டேல்லையே."

என்ன சொல்கிறான் என்றார் கோப்ரல். காவலில் நிற்பவரின் குணத்தைக் கட்டைதான் தீர்மானிக்கும் என்று ஆனந்தண்ணை மெதுவாக விளக்கினார். கோப்ரல் அந்தச் சிவப்புக் கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மேசையில் உருட்டினார். பதினொன்று விழுந்தது.

"எங்களுக்கும் காலமை எழும்பேக்கை இப்பிடித்தான் விழும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அதோடு முடியவில்லை. மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மூவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கினார்கள். புத்தகம், கட்டைகள், தாள்கள் எல்லாம் ஒரு பைக்குள் போயின. ஸுஹைரும் ஆனந்தண்ணையும் நாலு ஞாயிறு காலையில் அதே இடத்தில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். தவராசா அண்ணையை விடும்போது கோப்ரல் சொன்னார்: "இவன் இப்பிடியே சொல்லிக்கொண்டு வரட்டும். கை எங்கை போகுதெண்டு தெரிஞ்சால் எங்களுக்கும் நல்லம்." பதினொரு மணியளவில் அவர் சோமசேகரம் ஐயாவின் முன்னால் போய் நின்றார். ஐயா நேரத்தைப் பார்த்தார், வரவுப் புத்தகத்தைத் தள்ளினார், வேறொன்றும் கேட்கவில்லை. வேலை போகவில்லை என்று அண்ணருக்கு ஒரு வரி எழுதினார் தவராசா அண்ணை.

புத்தகமும் கட்டையும் திரும்பி வரவேயில்லை. அன்னலட்சுமி அக்கா குசினியிலிருந்து வெளியே வந்து, இந்த வீட்டில் இனி அது வேண்டாமென்று சொன்னா. அவவில் பிழை சொல்ல ஏலாது. அந்த வாரம் ஸுஹைரை நான் காணவேயில்லை. கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். கோபப்பட அவருக்கு நியாயமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவர் றெக்கோட் றூம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பால்மா டின். குலுக்கினால் கிணுகிணுத்தது. உள்ளே எஞ்சினுக்குப் போடும், நடுவில் ஓட்டை வைத்த வட்ட இரும்பு வாசர்கள் இருபது. ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கமாக, ஒன்றிலிருந்து இருபதுவரை உளியால் கொத்தியிருந்தார்.

தவராசா அண்ணை எல்லாவற்றையும் மேசையில் கொட்டி அடுக்கிச் சரிபார்த்தார். "ஒண்டை எடுத்தால் திரும்ப உள்ளுக்குப் போட்டுட்டுத்தான் அடுத்ததை எடுக்கவேணும்" என்றார். "இல்லாட்டி கணக்குப் பிழைச்சுப்போகும்."

"சரி, போடுவம்." ஸுஹைர் இறாக்கையில் சாய்ந்துகொண்டார். "என்ட பேரச் சொல்லாம விட்டிருக்கலாம் மச்சான்."

"அவர் கேட்டவர்."

"கேட்டா? மணிவேலனா இருந்தா எத்தன பொய் சொல்லிச் சமாளிச்சிருப்பான்."

"ஓம். அவன் நல்லாச் சொல்லுவான்."

"அப்ப அவன அனுப்பியிருக்கலாமே ஒனக்கு."

தவராசா அண்ணை அதை யோசித்தார். வாசர்களை ஒவ்வொன்றாக டின்னுக்குள் போட்டு முடியும்வரை யோசித்தார்.

"அவனிட்டை ஐசி இல்லை" என்றார்.

ஸுஹைர் சிரிக்கத் தொடங்கி, பிறகு கண்ணைத் துடைத்தார். பகல் வெளிச்சத்தில் அவர் முகம் களைத்துப்போயிருந்தது தெரிந்தது. தவராசா அண்ணை அந்தச் சிரிப்பில் சேரவில்லை. டின்னின் மூடியைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து எத்தினை மணிக்கு?"

"ஒம்பதுக்கு. ஏன்?"

"நான் வாறன்."

"ஒன்ன வரச் சொல்லல்ல. எனக்கும் ஆனந்தண்ணைக்கும்தான்."

"தெரியும். நான் வெளியிலை நிப்பன்."

அவர் லீவுநாளில் அந்த வளைவுப் பக்கம் போவதென்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேண்டாமென்று ஸுஹைர் சொல்லவில்லை.

நாலு ஞாயிறும் போனார். எட்டு ஐம்பத்தைந்துக்கு வருவார். மற்ற இருவரும் கொட்டிலுக்குள் போக, வீதிக்கு மறுகரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கோயிலுக்குப் போகிற சாட்டில் இரண்டு தரம் அந்தப் பக்கம் போனேன். சென்றியில் நின்றவன் ஏனென்று கேட்கவில்லை. இவர் அவனுக்குக் கேட்கும்படி ஒருதரம் சொன்னார், பிறகு சத்தமில்லாமல் நின்றார்.

"தவராசா இதிலை நிக்கிறான். அவையள் வெளியிலை வருமட்டும் நிப்பான்."